டிராப்அவுட் பேரடை: ‘இடைநின்ற’ வேண்டாமே

அன்பு நண்பர்களே, வணக்கம்.

சில அலைநீளப் படங்களில் தெரிந்து, மற்றவற்றில் காணாமல் போகும் பேரடையை ஆங்கிலத்தில் ‘டிராப்அவுட் கேலக்சி’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘இடைநின்ற பேரடை’ என்று முந்தைய மடலில் வந்திருந்தது. அதை விட்டுவிடலாம். இடைநிற்றல் என்றதும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைதான் நினைவுக்கு வரும். இந்தப் பேரடை எதையும் பாதியில் விடவில்லை. நாம் எடுத்த படங்களில் சிலவற்றில் அதைக் காணோம், அவ்வளவுதான்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஜேட்ஸ் ஆய்வில் கிடைத்து 2024-இல் அறிவிக்கப்பட்ட பேரடையைப் பாருங்கள். ஒவ்வொரு வடிகட்டியும் ஓர் அலைநீளப் பகுதியை மட்டும் உள்ளே விடும். அப்படி எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், 1.15 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வெறும் கருப்பு. 1.5-இலும் கருப்பு. 2-க்கு வந்ததும் அதே இடத்தில் ஒரு சின்னப் பொட்டு. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று காட்டும் செம்பெயர்ச்சி இதற்கு 14-க்குச் சற்று மேல்; இந்த எண் கூடக் கூடத் தொலைவும் கூடும். பெருவெடிப்பு நடந்து சுமார் 30 கோடி ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி. அதில் 121.6 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களை எல்லாம் வழியில் இருந்த ஹைட்ரஜன் விழுங்கிவிட்டது. பிரபஞ்சம் விரிய விரிய அந்த எல்லையும் 15 மடங்கு நீண்டு, இப்போது 1.85 மைக்ரோமீட்டர் பக்கம் வந்து நிற்கிறது. அதற்குக் கீழே இருட்டு.

வாக்காளர் பட்டியலில் பெயரைக் காணோம் என்றால் ‘பேர் விடுபட்டுப் போச்சு’ என்கிறோம். ஆள் இருக்கிறார், பட்டியலில்தான் இல்லை. இங்கேயும் அதேதான். அதனால் ‘விடுபடு பேரடை’ என்று வைக்கலாம். ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. முன்னால் வடிகட்டியின் பெயரைச் சேர்ப்பதும் சுலபம்: 1995-இல் எடுத்த ஹபிள் ஆழ்புலப் படத்தில் கிடைத்தவற்றைப் ‘புற ஊதா விடுபடு பேரடை’ என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் ‘லைமன் பிரேக்’. மேலே சொன்னபடி ஹைட்ரஜன் விழுங்கியதால் ஓர் எல்லைக்குக் கீழே ஒளி நின்றுபோவதற்குத்தான் இந்தப் பெயர். பிரேக் என்பதற்கு ‘முறிவு’ எனக்கு ஒட்டவில்லை. எலும்பு முறியும், உறவு முறியும், ஒளி முறியுமா? மின்வெட்டு என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றுபோவதை அது அப்படியே சொல்கிறது. ‘லைமன் ஒளிவெட்டு’ என்போமே.

இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஜேம்ஸ் வெப் படங்களில் கிடைத்த சீயர்ஸ்-93316 என்ற பேரடைக்கு 2022-இல் செம்பெயர்ச்சி 16 இருக்கலாம் என்று கணித்தார்கள். 2023-இல் நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 4.9. தூசியும், குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் பளிச்சென்று வரும் வலுவான உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து வெகுதொலைவுப் பேரடை போலக் காட்டியிருக்கின்றன. குறுகிய அலைநீளப் படங்களில் அது விடுபட்டது நிஜம். ஆனால் காரணம் ஒளிவெட்டு அல்ல. படத்தில் கண்டதற்கு ஒரு சொல், அதன் காரணத்துக்கு இன்னொரு சொல் என்று பிரித்து வைத்தால்தான் இந்தக் கதையையே தமிழில் எழுத முடியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘இந்த விடுபடு பேரடையில் இருப்பது லைமன் ஒளிவெட்டுதானா என்பதை நிறமாலை எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.’ பிளஸ் டூ மாணவருக்கு இது தடங்கலின்றிப் புரியுமா என்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் சொல்லுங்கள். வினைத்தொகை வேண்டாம், ‘விடுபட்ட பேரடை’ என்றே இருக்கட்டும் என்றாலும் சரி. ‘இடைநின்ற’ மட்டும் வேண்டாம்.