சந்தாதாரர்களுக்கு நன்றியாக ஒரு கேள்வி-பதில் இதழ்: செய்யலாமா, வேண்டாமா?

வான்பார்ப்பவன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறிய மாத இதழில் வானியல் பகுதி எழுதுகிறேன். போன வருடம் தாள் விலையும் அச்சுக்கூலியும் ஏறி, இதழை நிறுத்திவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். அதை மறைக்காமல் தலையங்கத்தில் எழுதினோம். வாசகர்கள் இரண்டு வருட, ஐந்து வருடச் சந்தாவை முன்கூட்டியே அனுப்பி இதழைக் காப்பாற்றினார்கள். ஜிபேயில் பணம் போட்டுவிட்டு, குறிப்பில் "நிறுத்தாதீர்கள்" என்று மட்டும் எழுதியவர்கள் நிறையப் பேர்.

இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு இதழ் முழுவதையும் அவர்களுடைய கேள்விகளுக்கு ஒதுக்கலாம் என்பது என் யோசனை. வானம் பற்றி, வானியல் வரலாறு பற்றி, நாங்கள் இதழை நடத்தும் விதம் பற்றி, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆசிரியர் குழுவில் இரண்டு பேருக்கு இதில் உடன்பாடில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பேரேடு

நானும் சில சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுகிறவன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். நன்றி என்றால் நீங்கள் எங்களுக்கு ஒன்று தர வேண்டும். இங்கே நீங்கள் எங்களிடம் இன்னொன்று கேட்கிறீர்கள். பணம் கொடுத்தோம், இப்போது கேள்வியும் யோசித்து அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விகளால் உங்கள் ஒரு இதழ் நிரம்பும். இது உங்களுக்குத்தானே லாபம்?

உண்மையிலேயே நன்றி சொல்ல விரும்பினால் சந்தாவை ஒரு மாதம் நீட்டித்துக் கொடுங்கள். அல்லது வரவு செலவுக் கணக்கை வெளியிடுங்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரிந்தால் எனக்கு அதுவே போதும்.

தாமிரக்கரை

பேரேடு சார், கேள்வி கேட்பதை ஒரு சுமை மாதிரிச் சொல்கிறீர்களே. எல்லாருக்கும் அப்படி இல்லை.

நான் படித்த பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் பாதி நாள் காலியாகத்தான் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் பழைய ஜூனியர் விகடன்களை அடுக்கி வைத்திருந்தார். அதில் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியை மட்டும் தேடிப் படிப்பேன். ஏதோ ஒரு ஊரிலிருந்து யாரோ கேட்ட கேள்வி, என்னுடைய கேள்வியாகவே இருக்கும். எழுதுகிறவருக்குத் தோன்றுவதை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

ஒருவர் நேரம் ஒதுக்கி, நான் கேட்டதை மதித்து, படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறார் என்றால் அதைவிடப் பெரிய நன்றி என்ன இருக்கிறது? ஒரு மாத இலவச இதழ் மறந்துபோகும். நம் பெயரும் ஊரும் போட்டு வந்த பதில் மறக்காது.

பழையதாள்

பைண்டு செய்த வாரப் பத்திரிகைகளைச் சேர்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தமிழில் கேள்வி-பதில் பகுதி எப்போதும் பத்திரிகையின் முதுகெலும்பு. குமுதத்தில் 'அரசு பதில்கள்'. அரசு என்பது அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் மூவரின் முதலெழுத்து என்று சொல்வார்கள். தமிழ்வாணனின் கல்கண்டில் கேள்வி பதிலுக்காகவே இதழ் வாங்கியவர்கள் உண்டு. கலைமகளில் கி.வா.ஜ. 'விடையவன்' என்ற பெயரில் இலக்கிய, இலக்கணச் சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார். ஒரு செய்யுளில் ஒரு சொல்லுக்கு இரண்டு பாடம் இருந்தால் எதைக் கொள்வது என்ற அளவுக்கு நுணுக்கமான கேள்விகள் வரும். அவற்றுக்கு அவர் ஒரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாக எழுதுவார்.

ஆனால் இவை எதுவும் நன்றி என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. பத்திரிகையின் வழக்கமான வேலையாக வந்தன. அதனால்தான் தரமும் இருந்தது. "உங்கள் ஆதரவுக்கு நன்றியாக" என்று தொடங்கும்போது, வந்த எல்லாக் கேள்வியையும் பாராட்டிப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும். ஒரு அசட்டுக் கேள்வியைத் தள்ளிவைக்கும் சுதந்திரம் ஆசிரியருக்குப் போய்விடும். எனக்கு இருக்கும் தயக்கம் அதுதான். யோசனையை முழுதாக எதிர்க்கவில்லை.

பேரேடு

பழையதாள் சொன்னதில் எனக்கு வேண்டிய சான்றும் இருக்கிறது. கேள்வி-பதில் பகுதி வியாபாரத்துக்கு நல்லது என்பதால்தான் எல்லாப் பத்திரிகையும் வைத்திருந்தது. இது தமிழ்நாட்டில் தொடங்கியதும் இல்லை. 1691-ல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி 'அதீனியன் மெர்குரி' என்ற தாளைத் தொடங்கினார். வாசகர்கள் பெயர் சொல்லாமல் ஒரு காபிக் கடை முகவரிக்குக் கேள்வி அனுப்பலாம். பதில் சொல்வது பெரிய அறிஞர் சங்கம் என்று விளம்பரம். உள்ளே இருந்தவர்கள் டன்டனும் அவருடைய உறவினரும் நண்பர்களுமாக ஒரு சிலர்தான். தாள் 1697 வரை நடந்தது. வாசகரின் கேள்வி அவருக்குச் சரக்கு.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? 2012 ஆகஸ்டில் ஒபாமா ரெட்டிட் தளத்தில் வந்து "எதையும் கேளுங்கள்" என்றார். கேள்விகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்து பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னார். தேர்தலுக்கு இரண்டரை மாதம்கூட இல்லாத நேரம் அது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

வான்பார்ப்பவன்

வியாபாரத்துக்கும் நல்லது என்பதால் வாசகருக்குக் கெட்டது என்று ஆகிவிடுமா? டன்டனின் தாளில் பெண்களும் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். அன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாதவர்கள் அவர்கள். அது சரக்குதான், சரி. அந்தச் சரக்கு அவர்களுக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்?

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, "நான் எத்தனை முறை பார்த்தும் தெரியவில்லை, எங்கள் ஊரில் அது உண்டா?" என்று கேட்டார். உண்டு. ஆனால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் 13 டிகிரி. அவர் ஊரில் 8 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, அதைவிடக் கீழே. வடக்கே மலை, தென்னந்தோப்பு, கொஞ்சம் மேகமூட்டம், ஏதாவது ஒன்று போதும், மறைந்துவிடும். இதை எழுதியபோது தென்மாவட்ட வாசகர்கள் அத்தனை பேரும் தங்கள் ஊரை வைத்து அளந்து பார்த்து எழுதினார்கள். அந்தக் கேள்வி வராமல் இந்தக் கட்டுரை எனக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் கேள்வியை வாசகருக்குத் தரும் இடம் என்று நினைக்கிறேன்.

கிளைநூலகம்

நூலகத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் பத்திரிகை அடுக்குகிறவள். யாரும் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது.

கேள்வி அனுப்புகிறவர்கள் யார்? எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கேள்வி-பதில் பக்கத்தில் அதே பெயர்கள், அதே ஊர்கள். எழுதிப் பழகியவர்கள் எழுதுகிறார்கள். சந்தா கட்டியவர்களில் பெரும்பான்மையோர் வாயே திறக்க மாட்டார்கள். எங்கள் நூலகத்துக்கு மாலையில் வரும் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் இது மாதிரி இதழ்களை வரி விடாமல் படிப்பார். அவரைக் கேள்வி எழுதச் சொன்னால் "நமக்கு எதுக்கும்மா" என்பார். "நிறுத்தாதீர்கள்" என்று ஒரே சொல் எழுதிப் பணம் அனுப்பினவர்களும் இந்த ரகம்தான். உங்கள் இதழைக் காப்பாற்றியது அவர்கள். நீங்கள் நன்றி சொல்லப் போவது வேறு ஆட்களுக்கு.

இதற்கு வழி இல்லாவிட்டால் நானும் பேரேடு பக்கம்தான்.

தாமிரக்கரை

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்த மில் தொழிலாளி கேட்காவிட்டாலும் பதிலைப் படிப்பார் இல்லையா? நானும் ஒரு கேள்விகூட அனுப்பாமல் பல வருடம் படித்தவள்தான். கேட்கிறவர் ஒருவர், பயன் பலருக்கு.

கிளைநூலகம்

படிப்பார். ஆனால் அவருக்கும் ஒரு கேள்வி இருக்கும். என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்: "தை ஒண்ணாம் தேதிதான் சூரியன் வடக்க திரும்புதுன்னு சொல்றாங்க, பேப்பர்ல டிசம்பர் 21-னு போடுறான், எது சரி?" இதை அவர் எழுதி அனுப்பப் போவதில்லை. எழுதாதவர்களிடமிருந்து கேள்வி எப்படி வரும் என்று யோசித்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

வான்பார்ப்பவன்

இது அருமையான கேள்வி, அவரிடம் சொல்லுங்கள். இரண்டு சொல்லிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூரியன் தென்கோடிக்குப் போய் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் நாள் என்பது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். பூமியின் அச்சு மெதுவாகச் சுற்றித் தள்ளாடுவதால், நட்சத்திரங்களை வைத்து எண்ணும் கணக்கும் பருவத்தை வைத்து எண்ணும் கணக்கும் ஏறக்குறைய 72 வருடத்துக்கு ஒரு டிகிரி விலகுகின்றன. ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன்னால் இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. இப்போது 24 டிகிரி விலகியிருக்கிறது. அதுதான் இந்த இருபத்து சொச்சம் நாள் வித்தியாசம்.

நீங்கள் சொன்ன குறை உண்மையானது. கிளை நூலகங்களிலும் பள்ளிகளிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம் என்று தோன்றுகிறது. வாயால் சொன்னதை யாராவது எழுதி வைத்தால் போதும். தொலைபேசியில் குரல் செய்தியாக அனுப்பினாலும் எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆள் வேண்டும், குழுவில் பேசுகிறேன்.

பேரேடு

ராசி என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். "எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றால் உங்களுக்கு வரப்போவதில் பாதி ஜாதகக் கேள்வியாக இருக்கும். சனிப்பெயர்ச்சி எனக்கு எப்படி, கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வரலாமா. பணம் கொடுத்துக் காப்பாற்றிய வாசகர் கேட்கிறார். நன்றி என்று கூப்பிட்டுவிட்டு, "இதற்கெல்லாம் பதில் கிடையாது" என்று ஒதுக்குவீர்களா?

வான்பார்ப்பவன்

ஒதுக்க மாட்டோம். கிரகணம் என்பது நிழல். அதனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எதுவும் ஆகாது. சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் யாரும் பார்க்கக் கூடாது, அதற்குரிய கண்ணாடி வேண்டும். இதைப் பயந்துபோய்க் கேட்கிற ஒரு பெண்ணுக்கு மரியாதையாகச் சொல்வதைவிட என்ன பெரிய வேலை இருக்கிறது எனக்கு? சனி இன்றைக்கு வானத்தில் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்வேன். பலன் சொல்ல மாட்டேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதுவேன்.

பழையதாள்

இந்த இடத்தில் துக்ளக் ஆண்டு விழாவை நினைத்துக்கொள்கிறேன். 1970 பொங்கலன்று தொடங்கிய பத்திரிகை. ஒவ்வொரு ஜனவரி 14-ம் தேதியும் சோ வாசகர்களைக் கூப்பிட்டு, முதலில் அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்வார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் வந்து கேட்டார்கள். சங்கடமான கேள்விகளும் வந்தன. பிடிக்காத கேள்வியை முகத்துக்கு நேரே வாங்கிக்கொள்வது ஒரு ஆசிரியர் வாசகருக்குத் தரும் மரியாதை என்று அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

ஆகவே என் நிபந்தனை இதுதான். இதழைப் பற்றிய கசப்பான கேள்விகளையும் போடுங்கள். பேரேடு கேட்ட வரவு செலவுக் கணக்கை முதல் கேள்வியாகவே வையுங்கள். வானம் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாவிட்டால் அது நன்றி ஆகாது.

தாமிரக்கரை

இதை நானும் வழிமொழிகிறேன். அச்சில் இடம் கிடைக்காத கேள்விகளுக்கு ஒரு 50 காசு அஞ்சலட்டையிலாவது பதில் அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த பத்துப் பேருக்கு மட்டும் பதில் என்றால், மற்றவர்களுக்கு வெறும் ஏமாற்றம்தான்.

பேரேடு

கணக்கைப் போடுவதாக இருந்தால் எனக்குப் பாதி எதிர்ப்பு குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: நன்றி என்ற பெயரில் கேள்வி கேட்கச் சொல்வது முறையில்லை. 'கேள்வி-பதில் சிறப்பிதழ்' என்று சொல்லி வெளியிடுங்கள், நானும் வாங்குகிறேன். நன்றிக்குச் சந்தாவை ஒரு மாதம் நீட்டியுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

அப்புறம், பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் என் கேள்வியையும் வைத்துவிடுகிறேன். கார்த்திகை மீன்கூட்டத்தில் ஆறு நட்சத்திரம் என்கிறோம். வெளிநாட்டில் ஏழு சகோதரிகள் என்கிறார்கள். என் கண்ணுக்கு ஆறுதான் படுகிறது. எது சரி?

வான்பார்ப்பவன்

சாதாரண வானத்தில் நல்ல கண்ணுக்கு ஆறு. அகநானூறும் அதை 'அறுமீன்' என்றே சொல்கிறது. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் ஏழு, எட்டு, சிலருக்கு அதற்கு மேலும் தெரியும். 1610-ல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து 36 நட்சத்திரங்களை வரைந்து வெளியிட்டார். உண்மையில் அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தூரம் ஏறக்குறைய 440 ஒளியாண்டு. நவம்பர் கடைசியில் இருட்டியதும் கிழக்கே பாருங்கள், ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் கொண்டு போங்கள். எண்ணி எழுதுங்கள்.

சந்தா நீட்டிப்பைக் குழுவில் வைக்கிறேன். கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். வரவு செலவு விவரம் கட்டாயம் வரும்.

பேரேடு

எண்ணிச் சொல்கிறேன். கணக்கு வந்த பிறகு மீதியைப் பேசுவோம்.