2008 கிழக்குத் தேர்தல்: கூட்டமைப்பு ஒதுங்கியது சரியா?

வாவிக்கரை:
இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களை இணைத்தது செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜனவரி 1 முதல் கிழக்குக்குத் தனி நிர்வாகம் வந்தது. பிரிந்த கிழக்கின் முதல் மாகாண சபைத் தேர்தல் 2008 மே 10இல் நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவே இல்லை. மொத்தம் 37 ஆசனங்களில் ஆளும் கூட்டணியின் வெற்றிலைச் சின்னத்துக்கு 20, ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு 15. புலிகளிலிருந்து பிரிந்து அரசோடு சேர்ந்த பிள்ளையான் முதலமைச்சரானார்.

என்னைக் கேட்டால், அன்று ஒதுங்கியது பெரிய பிழை. சபை நம் விருப்பத்துக்காகக் காத்திருக்காது. நாம் உட்காராத கதிரையில் வேறு ஒருவர் உட்காருவார், நம் பேரிலேயே கையெழுத்தும் வைப்பார். நாலு வருடம் அதுதான் நடந்தது.

மூதூரான்:
அண்ணை, அந்தக் காலத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிறீர்கள். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள்ளேயே கூட்டமைப்பின் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினருக்கே அந்தக் கதி. 2008இல் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்தில் நிற்க எந்தக் கிராமத்து ஆள் துணிவான்? வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்க யார் போவார்? போரில் இடம்பெயர்ந்த சம்பூர் சனம் அப்போது கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. ஊரே இல்லாதவனிடம் போய் எந்த ஊருக்கு வாக்குக் கேட்பது?

இன்னொன்று. இணைப்பை நிரந்தரமாக்குவதா என்று கிழக்கு மக்களிடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்திக் கேட்பதாக இந்திய இலங்கை ஒப்பந்தம் சொன்னது. அதை ஒருநாளும் நடத்தவில்லை. மக்களைக் கேட்காமலே பிரித்துவிட்டு, உடனே தேர்தல் என்றால், அதில் நிற்பது மாகாணத்தைப் பிரித்ததற்குச் சம்மதம் சொன்னதாகிவிடாதா?

வாவிக்கரை:
தம்பி, பயத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் சம்மதம் என்ற வாதம் நிற்காது. 2012 செப்டெம்பரில் அதே பிரிந்த கிழக்கில் கூட்டமைப்பு போட்டியிட்டதே! அப்போது மட்டும் சம்மதம் ஆகவில்லையா?

அந்த முடிவைப் பாருங்கள். மட்டக்களப்பில் 6, திருகோணமலையில் 3, அம்பாறையில் 2, ஆக 11. வெற்றிலை 14. மாகாணம் முழுவதும் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஆறாயிரம் வாக்குச் சொச்சம்தான். முதலில் வந்த கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனம் என்பதால் அவர்கள் 12இலிருந்து 14 ஆனார்கள். அந்த ஆறாயிரம் நம் பக்கம் விழுந்திருந்தால் 13க்கு 12. முதல் தேர்தலிலிருந்தே ஊர் ஊராக வேலை செய்திருந்தால் அந்த வாக்கு வராமலா போயிருக்கும்?

காத்தான்குடியார்:
இரண்டு பேரும் கிழக்கில் தமிழர் மட்டும்தான் இருப்பதுபோல் எழுதுகிறீர்கள். 2008இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் நாடாளுமன்ற ஆசனத்தை விட்டுவிட்டு வந்து யானையில் நின்றார். கூட்டமைப்பும் அன்று களத்தில் இருந்திருந்தால் தேர்தலுக்குப் பிறகு இரண்டு தரப்பும் பேசியே ஆக வேண்டியிருக்கும். அந்தச் சந்தர்ப்பம் போனது.

இணைப்பு வேண்டும் என்று நீங்கள் எழுதும்போது எங்களுக்கு ஏன் நெஞ்சு இறுகுகிறது என்றும் ஒருமுறை கேளுங்கள். 1990 ஓகஸ்டில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டுக் கொன்ற ஊர் என்னுடையது. இணைந்த மாகாணத்தில் எங்கள் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று யாரும் எழுத்தில் தரவில்லை.

அதே நேரம் எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்கிறேன். 2012இல் முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்கே தருகிறோம் என்று கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா கேட்டார். காங்கிரஸின் மரத்துக்கு 7 ஆசனம், வீட்டுக்கு 11, சேர்ந்தால் 18. ஐக்கிய தேசியக் கட்சியின் நாலும் இருந்தது. ஆனாலும் காங்கிரஸ் வெற்றிலையோடு போனது. அதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

மூதூரான்:
நானா, நீங்கள் சொன்னதை மதிக்கிறேன். அந்த உத்தரவாதத்தை நம்மவர்கள்தான் முதலில் எழுதித் தர வேண்டும்.

ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தச் சபையால் என்ன முடிந்தது? ஆளுநர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. பிரதம செயலாளரை நியமிப்பது ஜனாதிபதி. ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் நிதி சம்பந்தமான நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஒன்றைக்கூடக் கொண்டுவர முடியாது. காணி, பொலிஸ் இரண்டும் சட்டப்புத்தகத்தில் மட்டும். சம்பூர் சனத்துக்கு 2015இல் காணி திரும்பக் கிடைத்தது அந்தக் காணி பற்றிய வர்த்தமானி அறிவித்தலை ஜனாதிபதி ரத்துச் செய்ததால். சபைத் தீர்மானத்தால் அல்ல. அதுவரை சபை இருந்த வருடமெல்லாம் அந்தச் சனம் முகாமில்தான் இருந்தது.

வாவிக்கரை:
காணி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2012 திவிநெகும (வாழ்வாதார அபிவிருத்தி) சட்டமூலத்தை நினைத்துப் பாருங்கள். மாகாண சபைகளின் சம்மதம் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வடக்கில் சபையே இல்லை, ஆளுநர் தந்த சம்மதம் செல்லாது என்றும் சொன்னது. கொழும்பு எவ்வளவு கலங்கியது என்றால், பிரதம நீதியரசரையே பதவியிலிருந்து இறக்கினார்கள். கிழக்குச் சபை அதற்குச் சம்மதம் கொடுத்தது. பெரும்பான்மை வேறு கையில் இருந்திருந்தால்?

அப்புறம், சின்ன அதிகாரம் என்று தள்ளுவதும் கவனமாகச் செய்ய வேண்டும். குருமண்வெளியில் பாதையில் (மிதவைப் படகில்) மோட்டார் சைக்கிளை ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடம் கழிந்ததும் பாதிப்பேர் டவுனுக்கு இடமாற்றம் வாங்கிவிடுவார்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளைக்குக் கணக்கு வாத்தியார் இல்லை. அந்த இடமாற்றக் கடிதம் கொழும்பில் தயாராவதில்லை, மாகாணக் கல்வி அமைச்சின் கீழ்தான். 2015இல் அந்த அமைச்சு கூட்டமைப்பின் கையில் வந்தது, சபை கலையும்வரை சுமார் இரண்டரை வருடம்தான். 2008இலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

மூதூரான்:
இருந்திருந்தாலும் ஆளுநர் மறித்திருப்பார். மறிக்கிறார் என்று சனத்துக்குக் காட்டவாவது உள்ளே இருந்திருக்கலாம் என்றால், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2008இல் அல்ல. துவக்கோடு ஆள் நிற்கும் சந்தியில் வாக்குக் கேட்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

காத்தான்குடியார்:
சரி, 2017 செப்டெம்பரில் சபை கலைந்தது. எல்லை நிர்ணயம் என்று சொல்லியே தேர்தலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் வேட்புமனுவுக்கு முதலே வீடும் மரமும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுத வேண்டும். முதலமைச்சர் யார், எத்தனை வருடம், காணிப் பிணக்கை எந்தக் குழு தீர்க்கும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாக்கு எண்ணி முடிந்த பிறகு பேசினால் 2012தான் திரும்ப வரும்.

மூதூரான்:
காணியை முதலில் எழுதுங்கள் நானா. முதலமைச்சர் யார் என்பதைப் பிறகு பார்ப்போம்.