மெக்ஸ்கூடா: சி கோடு கம்பைல் ஆகுது, கூடா கோடு ஆகல

கேள்வி:
விண்டோஸ், மேட்லேப், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு). மின்ஜிடபிள்யூ (சி/சி++ கம்பைலர்) போட்டிருக்கேன். சி கோடை மேட்லேபில் ஓடுற மாதிரி ஆக்கும் மெக்ஸ் கட்டளைக்கு சி கோடு சரியா பில்ட் ஆகுது. ஜிபியுவில் ஓடும் கூடா கோடுக்கான மெக்ஸ்கூடா கொடுத்தா கம்பைலர் இல்லைன்னு நின்னுடுது. வேற கணினியில் பில்ட் பண்ணினா ஓடுது, ஆனா 1000×600 மேட்ரிக்ஸுக்கு விடை குப்பையா வருது.

பதில் 1:
விண்டோஸில் என்விசிசிக்கு (கூடா கம்பைலர்) மின்ஜிடபிள்யூ ஆகாது. விஷுவல் ஸ்டுடியோவில் சி++ பகுதியைப் போடுங்க, உங்க மேட்லேப் பதிப்பு ஏற்கிற வருஷம்தான். அப்புறம் 'மெக்ஸ் -செட்அப் சி++' ஓட்டித் தேர்ந்தெடுங்க. மறுபடி பில்ட் பண்ணும்போது ஃபைலைத் திறக்க முடியலைன்னு லிங்கர் கத்தினா, பழைய மெக்ஸ் மெமரியில் இருக்கு. 'கிளியர் மெக்ஸ்' போதும்.

பதில் 2:
குப்பைக்குக் காரணம் பெரும்பாலும் டைப்தான். மேட்லேப் எண்கள் இயல்பா டபுள், 8 பைட். கெர்னலில் (ஜிபியுவில் ஓடும் ஃபங்ஷன்) ஃப்ளோட் பாயிண்டர்னா 4 பைட்டாப் படிக்கும், எர்ரரும் வராது. கூப்பிடும் முன் சிங்கிளா (4 பைட்) மாத்துங்க. இந்த கார்டில் டபுள் வேகம் சிங்கிளில் 1/64 தான்.

இன்டெக்ஸையும் பாருங்க. மேட்லேப் நெடுவரிசை நெடுவரிசையா அடுக்கும்: 0-இலிருந்து எண்ணினா, இன்டெக்ஸ் = வரிசை எண் + நெடுவரிசை எண் × 1000. ஒரு பிளாக்கில் 16×16 த்ரெட் (கெர்னலை ஓட்டும் ஒவ்வொரு இழை) வச்சா, கிரிட் 63×38 பிளாக், அதாவது 1008×608 த்ரெட். எல்லைச் சோதனை இல்லைன்னா மிச்ச த்ரெட்கள் அடுத்தவன் மெமரியில் எழுதும்.

கேள்வி கேட்டவர்:
ஃப்ளோட் பாயிண்டர்தான் இருந்தது! சிங்கிளா மாத்தினதும் விடை சரி. ஆனா டிக்-டாக் (நேரம் அளக்கும் கட்டளைகள்) நம்ப முடியாத அளவு குறைவா காட்டுது?

பதில் 2:
கெர்னல் முடியுமுன்னே கட்டுப்பாடு திரும்பிடும். ஜிபியு வேலை முடியும்வரை காத்திருந்து அளக்கும் ஜிபியுடைமிட் வச்சு அளங்க.