கவராயமும் அளவுகோலும் கைகொடுத்த அனுபவங்கள்

செங்காங் (சிங்கப்பூர்), துணைப்பாட ஆசிரியை:

உயர்நிலை ஒன்று பிள்ளைகளுக்கு வடிவ வரைவு நடத்தும்போது, முதல் வேலையாகக் கோணமானிகளை வாங்கி இழுப்பறைக்குள் வைத்துவிடுவேன். பாடத்திட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அது கையில் இருக்கும்வரை பிள்ளைகள் எண்ணைத்தான் பார்ப்பார்கள், வடிவத்தைப் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு மாணவன் விடாமல் கேட்டான்: "டீச்சர், அளக்காமல் அறுபது பாகை என்று எப்படிச் சொல்வது?" அ, ஆ என்று ஒரு கோட்டுத்துண்டு போடச் சொன்னேன். அந்த நீளத்துக்கே கவராயத்தை விரித்து, அ-வில் ஊன்றி ஒரு வட்டவில், ஆ-வில் ஊன்றி இன்னொன்று. வெட்டும் புள்ளி இ. அங்கிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரம் என்ன? "கவராயத்தை மாற்றவே இல்லையே, எல்லாம் ஒரே நீளம்தான்" என்றான். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. மூன்று பக்கமும் சமம் என்றால் மூன்று கோணமும் சமம். 180-ஐ மூன்றால் வகுத்தால் 60. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவியல் நூலைத் தொடங்குவதே இந்த முக்கோணத்தில்தான். கோணமானியைப் பார்க்கும் கண் ஒரு பாகை பிசகலாம், இந்தக் காரணம் பிசகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். திருகு தளர்ந்த கவராயம் பாதி வில்லிலேயே விரிந்துவிடும். அதைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று வருந்தாதீர்கள். மையக்குத்துக்கோட்டுக்கு, அதாவது ஒரு கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோட்டுக்கு, கவராயத்தைக் கோட்டின் பாதிக்கும் மேல் விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் வில்கள் சந்திக்காது. வரைந்த வில்களை அழிக்கவும் கூடாது. தேர்வாளர் தேடுவது அவற்றைத்தான்.

துவாஸ், குழாய் பொருத்துநர்:

டீச்சர், நீங்கள் தாளில் செய்வதை நாங்கள் இரும்பில் செய்கிறோம். கப்பல் பட்டறையில் ஃபிளான்ஜ் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) துளைகள் பெரும்பாலும் 4, 8, 12, 16 என்று நான்கின் மடங்காகவே வரும். தகட்டில் சாக்பீஸைத் தேய்த்து, டிவைடரால் (இரு முனையும் கூரான கவராயம்) துளை வட்டத்தைக் கீறுவேன். ஒரு விட்டம் போட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் ஆரத்தைவிடப் பெரிய வில்களை வீசி, அவை வெட்டும் இடத்தை மையத்தோடு சேர்த்தால் செங்குத்துக்கோடு கிடைத்துவிடும். வட்டம் நான்காகிவிட்டது. எட்டுக்கு ஒவ்வொரு கோணத்தையும் பாதியாக்கினால் போதும்.

பன்னிரண்டுதான் எனக்குப் பிடித்தது. ஆரத்தின் அளவை மாற்றாமல், நான்கு புள்ளிகளிலும் டிவைடரை ஊன்றி இருபுறமும் வெட்டினால் பன்னிரண்டு புள்ளிகளும் வந்து நிற்கும். துளை செங்குத்து மையக்கோட்டின் மேலேயே விழக்கூடாது, அதன் இருபுறமும் சமமாக விழவேண்டும் என்பது வழக்கம். அதனால் கடைசியில் ஓர் இடைவெளியைப் பாதியாக்கி, எல்லாப் புள்ளிகளையும் அந்த அளவுக்கு நகர்த்துவேன். பிறகுதான் சென்டர் பஞ்சால் துளையிடும் புள்ளிகளைக் குத்திக் குறிப்பேன். ஊரில் பத்தாம் வகுப்பில் படித்த செய்முறை வடிவியல் இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குச் சோறு போடுகிறது என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

அங் மோ கியோ, இல்லத்தரசி:

தீபாவளிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் ரங்கோலி போடுவோம். கயிற்றின் ஒரு முனையைப் பக்கத்து வீட்டு அக்கா மையத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார், மறுமுனையில் சாக்பீஸ். அதே கயிற்று நீளத்தால் வட்டத்தை ஆறு முறை வெட்டினால் ஆறு இதழ் வந்துவிடும். போன முறை என் மகள் ஏழு இதழ் கேட்டாள். எவ்வளவு முயன்றும் சரியாக அமையவில்லை. தேடிப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. கணித மேதை காஸ் 1796-இல், பதினெட்டு வயதிலேயே, பதினேழு பக்க ஒழுங்கு வடிவத்தை கவராயம், அளவுகோல் என்ற இரு கருவிகளால் மட்டுமே வரையலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். ஏழு பக்கத்துக்கோ வழியே கிடையாது. 1837-இல் கணித அறிஞர் வான்ட்செல் தந்த நிரூபணம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. பதினேழு முடிகிறது, ஏழு முடியவில்லை! எனக்கு வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆனாலும் கிட்டத்தட்டச் சரியாக வரும் வழி ஒன்று உண்டு. ஆரத்தின் மேல் டீச்சர் சொன்ன முக்கோணத்தை வரைந்து, அதன் உயரத்தைக் கயிற்றில் எடுத்து வட்டத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே போகவேண்டும். 60 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் ஏழாவது வெட்டுக்குப் பிறகு 8 மி.மீ. மிஞ்சும். துவாஸ் தம்பி, உங்கள் ஃபிளான்ஜுக்கு இது ஆகாது. கோலத்தில் அந்த மிச்சத்தை ஏழு இதழ்களுக்கும் பகிர்ந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான்.