கனிம ஊற்றுப் பக்கத்தில் அகழாய்வுப் பயிற்சி: அங்கே என்ன கிடைக்கும்?

களுவாஞ்சிகுடி மாணவி:
வரலாற்றுத்துறையில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பழைய கனிம ஊற்றடியில் நடத்தும் அகழாய்வுப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஊற்று மகா ஓயா வெந்நீர்க் கிணறுகள்தான். மக்கள் குளித்துவிட்டுப் போன இடத்தில் தோண்டி எதைத் தேடுவார்கள்? மேசன் கரண்டிகூடப் பிடித்ததில்லை.

அக்கரைப்பற்று, களப்பதிவு வேலை:
தயங்காமல் போங்கள் தங்கச்சி. கரண்டி பிடிக்க அங்கேயே பழக்குவார்கள்.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஊற்றுக்குள்ளேயே 12,000க்கு மேற்பட்ட ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. களவெடுத்தவனைச் சபித்து எழுதிய ஈயத் தகடுகளும் சுமார் 130 வந்தன. அது அபூர்வம். பெரும்பாலும் விசயம் சுற்றுப்புறத்தில்தான் இருக்கும்: தண்ணீர் வழிந்தோட வெட்டிய கான், கொட்டிலின் கம்பு நட்ட குழி, அடுப்புச் சாம்பல், உடைந்த போத்தல், பீங்கான், சட்டைப் பொத்தான். பொத்தான் கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். வந்தவர் வசதியானவரா, கூலிக்காரரா, பிள்ளைகளோடு வந்தாரா என்று அந்தக் குப்பையை வைத்துத்தான் பேச முடியும்.

ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். நீர் ஊறிய மண்ணில் காற்றுப் புகாது, அதனால் மரமும் தோலும் உக்காமல் கிடக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். ஈரத்தோடேயே பொதிந்து உடனே பொறுப்பாளரிடம் கொடுங்கள். சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி இருப்பதைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம், உள்ளே ஆணியோ காசோ இருக்கலாம்.

அப்புறம், மண் நிறம் மாறும்போதெல்லாம் மன்செல் அட்டையோடு (மண்ணின் நிறங்களைக் குறியீட்டோடு காட்டும் மாதிரி அட்டை) ஒப்பிட்டு, ஆழத்தோடு எழுதுங்கள். வெட்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது.

கல்லடி, ஆசிரியர்:
நானா, எங்கள் பிள்ளைகளை மகா ஓயாவுக்குக் கூட்டிப்போய் சின்னதாக ஒரு குழி வெட்டிப் பழக்கலாமா?

அக்கரைப்பற்று, களப்பதிவு வேலை:
வேண்டாம் சேர். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். சொந்தக் காணியென்றாலும் அப்படித்தான்.

தோண்டாமலே நிறையப் பழகலாம். அளவு நாடாவும் கொப்பியும் கொடுத்து, கிணறுகளுக்கு இடையிலுள்ள தூரம், வழியும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தக் கட்டு பழைய கல், எது புதுச் சீமெந்து என்று வரையச் சொல்லுங்கள். தங்கச்சியும் கூடப் போய் வரட்டும். பயிற்சியில் அளந்து வரையும் வேலைதான் அவவுக்கு அதிகம் வரும்.

களுவாஞ்சிகுடி மாணவி:
சேர், எந்தக் கிழமை போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நாடா என்னிடம் இருக்கிறது.