ஃப்ரீ த்ரோ வரிசையில் யார் எங்கே நிற்பது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நான் கூடைப்பந்து நடுவராக ஆட்டங்களை நடத்துகிறேன். அதிகம் சண்டை வருவது இந்த ஒரு விஷயத்தில்தான். ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கிய அணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காக யாரும் குறுக்கிடாமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. பந்து கையை விடும் முன்பே எறிபவரின் கூட்டாளி லேனுக்குள் (கூடைக்கு முன்னால் கோடு போட்ட பகுதி, அதன் இரு ஓரங்களில்தான் வரிசை) கால் வைத்துவிட்டார். ஆனால் பந்து கூடைக்குள் விழுந்தது. "முந்திட்டான் சார், பாயிண்ட் செல்லாது" என்று எதிரணிப் பயிற்சியாளர் கத்தினார். நான் புள்ளியைக் கொடுத்தேன்.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, பந்து உள்ளே போய்விட்டால் வரிசையில் நிற்பவர்கள் முந்தியது கணக்கில் வராது. எறிபவரே ஃப்ரீ த்ரோ கோட்டை மிதித்திருந்தால்தான் புள்ளி போகும். கடைசி எறிதல் தவறியிருந்தால் கதையே வேறு. கூட்டாளி முந்தியிருந்தால் பந்து எதிரணிக்கு. தடுப்பவர், அதாவது எதிரணி வீரர், முந்தியிருந்தால் எறிபவருக்கு இன்னொரு வாய்ப்பு. இரு தரப்பும் முந்தியிருந்தால் ஜம்ப் பால் நிலை, அதாவது இரு அணிக்கும் மாறி மாறித் திருப்பப்படும் அம்புக்குறி அப்போது யார் பக்கமோ அவர்களுக்குப் பந்து. இதை ஆட்டத்துக்கு முன்பே வீரர்களுக்குச் சொல்லித் தருவது பயிற்சியாளரின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

*

நான் ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் துள்ளும் பந்தைப் பிடிக்க, நிற்பவன், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன். லேன் ஓரத்தில் மொத்தம் ஐந்து பேர்தான்: தடுக்கும் அணியில் மூவர், எறிபவரின் அணியில் இருவர். கூடைக்கு அருகிலுள்ள இரண்டு இடமும் தடுப்பவர்களுக்கு. அடுத்த இடங்கள் எறிபவரின் அணியான எங்களுக்கு. எறிபவருக்குப் பக்கத்தில், ஏதாவது ஒரு புறம், மூன்றாவது தடுப்பவர். எங்கள் இடத்தில் நாங்கள் நிற்காவிட்டாலும் எதிரணி அதைப் பிடிக்க முடியாது. ஒரு ஆட்டத்தில் எங்கள் பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து எதிரணி வீரர் அங்கே வந்து நின்றார். நடுவர் பந்தைக் கொடுக்காமல் காத்திருந்து அவரைத் திருப்பி அனுப்பினார்.

உள்ளே நிற்பவரைத் தாண்டிப் பந்தைப் பிடிப்பது கஷ்டம். அதனால் நான் ரிங்கைப் பார்ப்பதே இல்லை, எறிபவரின் மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். பந்து விரலை விட்டதும் நாங்கள் நகரலாம், அந்த அரை நொடிதான் எங்கள் சொத்து. எறிபவர் மட்டும் பந்து ரிங்கைத் தொடும் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது தடுப்பவரின் முக்கிய வேலையே எறிபவரை பாக்ஸ் அவுட் செய்வது, அதாவது பந்துக்கு வர விடாமல் உடலால் மறிப்பது. பல அணிகள் அந்த இடத்துக்கு யாரையோ நிறுத்துகின்றன. நியாயமாக அங்கே நல்ல கால்வேகம் உள்ளவர் நிற்க வேண்டும்.

2022 டிசம்பரில் என்பிஏவில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக டல்லாஸ் வீரர் லூகா டான்சிச் கடைசி நொடிகளில் ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிட்டு, தானே பந்தைப் பிடித்துப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தாரே, நினைவிருக்கிறதா? அந்த ஆட்டத்தில் அவருக்கு 60 புள்ளி, 21 ரீபவுண்ட். வேண்டுமென்றே தவறவிட்டாலும் பந்து ரிங்கைத் தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்னிக்கல் ஃபவுலுக்கான (மோதல் இல்லாத, நடத்தைத் தவறுக்கான) ஃப்ரீ த்ரோவில் லேனில் யாருமே நிற்கக் கூடாது. எல்லோரும் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பின்னால்தான். நான் பயிற்சி தரும் பிள்ளைகள் விசில் கேட்டதும் பழக்கத்தில் வரிசைக்கு ஓடுவார்கள், ஒவ்வொரு முறையும் நான் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்த வேண்டியிருக்கும்.

அப்புறம், வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஃபிபாவில் எறிய 5 நொடி, என்பிஏவில் 10 நொடி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் லேனில் தடுப்பவர்கள் நால்வர் வரை நிற்கலாம். அங்கே 2014-15 பருவத்துக்கு முன்பு, பந்து ரிங்கைத் தொடும் வரை வரிசையில் இருப்பவர்களும் அசையக் கூடாது. பழைய வீடியோவைப் பார்த்துப் பழகினால் ஃபிபா ஆட்டத்தில் எப்போதும் ஒரு அடி பின்தங்கியே நிற்பீர்கள்.