ஃபேர் கேட்ச்: கை காட்டியதா, வெயிலுக்கு மறைத்ததா? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

பண்ட்_அப்பா (டாலஸ் பக்கம்)

போன வியாழக்கிழமை நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். டீமில் பண்ட் (எதிர் டீம் உயரமாக உதைத்து அனுப்பும் பந்து) பிடித்து ஓடுவது அவன்தான். மாலை நேரம், சூரியன் அவனுக்கு நேர் எதிரே. பந்து மேலே போனதும் இடது கையைத் தூக்கி நெற்றிக்கு மேல் வைத்தான். மொட்டை மாடியில் நின்று பட்டம் பார்ப்போமே, அதே மாதிரி. அசைக்கவே இல்லை. பிடித்தான், ஓடினான், நாற்பது யார்டு, ஒருத்தரும் தொடவில்லை. நான் கத்திய கத்தலில் காபி முழுக்க முன்சீட்டு அம்மாவின் கம்பளி மேல்.

திரும்பிப் பார்த்தால் பந்து பிடித்த இடத்துக்குப் பக்கத்தில், தப்பு நடந்தால் ரெஃப்ரி போடும் மஞ்சள் கொடி கிடக்கிறது. அரைகுறையாக ஃபேர் கேட்ச் சைகை (கையை மேலே ஆட்டி, "நான் ஓட மாட்டேன், என்னை இடிக்காதீர்கள்" என்று சொல்வது) காட்டினானாம், காட்டிவிட்டு ஓடினானாம். டச்டவுன் (பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் பாயிண்ட்) போச்சு, கூடவே ஐந்து யார்டு அபராதம்.

வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். கையை ஆட்டாமல் வெயிலுக்குக் கண்ணை மறைத்தால் அது சைகை ஆகாது, பந்து உயிரோடுதான் இருக்கிறது, ஓடலாம். தெளிவாகப் போட்டிருக்கிறது. காரில் வரும்போது பையன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, வெயில் அடிச்சா நான் என்னதான் பண்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நாச்சோ_வரிசை (லாஸ் ஏஞ்சலஸ்)

என் கதை வேறு மாதிரி. 2024 டிசம்பர் 19, சோஃபை ஸ்டேடியம், சார்ஜர்ஸுக்கும் டென்வருக்கும் மேட்ச். முதல் பாதி முடியச் சில செகண்ட்தான் பாக்கி, டென்வர் பண்ட் அடிக்கப் போகிறது. இதற்கு மேல் என்ன நடந்துவிடும் என்று எழுந்து நாச்சோ வாங்கப் போய்விட்டேன். டென்வர் ஆள் ஒருத்தர், ஃபேர் கேட்ச் கேட்டு நின்றவர் மேல் மோதித் தொலைத்திருக்கிறார். பதினைந்து யார்டு. கடிகாரத்தில் பூஜ்யம், ஆனால் பாதி முடியவில்லை.

நான் பார்த்தது வரிசையில் நின்றபடி, தலைக்கு மேலே இருந்த டிவியில். பந்தை ஒருத்தர் பிடித்து நிறுத்துகிறார், சார்ஜர்ஸ் கிக்கர் கேமரன் டிக்கர் ஓடி வருகிறார், எதிரில் தடுக்க ஒரு ஜீவன் இல்லை. டென்வர்காரர்கள் பத்து யார்டு தள்ளிச் சும்மா நிற்கிறார்கள். ஏதோ ப்ராக்டிஸ் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்! 57 யார்டு, உள்ளே போனது, மூன்று பாயிண்ட். ஃபேர் கேட்ச் கிடைத்தால், தடுக்க ஆள் இல்லாமல் கோல் கம்பத்துக்கு நடுவே அடிக்கலாம், ஃபேர் கேட்ச் கிக் என்று ஒரு விதி இருப்பதே அப்போதுதான் தெரியும். இதற்கு முன் என்.எஃப்.எல்லில் (தொழில்முறை லீக்) இது கடைசியாக உள்ளே போனது 1976இல், அடித்தவர் ரே வெர்ஷிங். அவரும் சார்ஜர்ஸ்தான், அப்போது டீம் சான் டியாகோவில் இருந்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பதை, டிக்கெட் வாங்கி உள்ளே போயும் டிவியில் பார்த்த ஆள் நான். சீஸ் வேறு ஆறிப்போயிருந்தது.

கொலம்பஸ்_குளிர் (ஒஹையோ)

அந்த கிக் என்.எஃப்.எல்லில் மட்டும் இல்லைங்க, ஹைஸ்கூலிலும் உண்டு. போன சீசன் எங்கள் பையன் டீம் எதிராளியின் 25ஆம் யார்டில் ஃபேர் கேட்ச் பிடித்தது, பாதி முடிய இரண்டு செகண்ட். அங்கிருந்தே அடிக்கலாம், கம்பம் கோட்டுக்குப் பின்னால் பத்து யார்டு, ஆக 35 யார்டு, எங்கள் கிக்கர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு "ஃப்ரீ கிக் கேளுங்க, ஃப்ரீ கிக்!" என்று கத்தினேன். துணைக் கோச் திரும்பி, "சார், இது சாக்கர் இல்லை" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பந்தை வாங்கி முழங்காலிட்டு பாதியை முடித்துவிட்டார்கள். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

பண்ட்_அப்பா, உங்கள் கோச்சிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பண்ட்_அப்பா

இங்கே அது கிடையாது நண்பரே.

கொலம்பஸ்_குளிர்

எப்படிக் கிடையாது? ஹைஸ்கூல் விதிப் புத்தகத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன்.

பண்ட்_அப்பா

உங்கள் புத்தகத்தில் இருக்கலாம். டெக்சாஸ் ஹைஸ்கூல் ஆடுவது காலேஜ் விதிப்படி. காலேஜில் அந்த கிக்கே இல்லை. நான் முதலில் சொன்ன வெயில் விஷயமும் காலேஜ் புத்தகத்தில் இருந்து எடுத்ததுதான்.

கொலம்பஸ்_குளிர்

ஒரே நாடு, ஒரே பந்து, மூன்று புத்தகம். சரி விடுங்க.

டென்டன்_பழைய_மாணவன்

நான் நார்த் டெக்சாஸ் யுனிவர்சிட்டியில் எம்.எஸ். படித்தவன், அதனால் 2018 ஆர்கன்சா மேட்சைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் கீகன் ப்ரூவர் பண்ட்டைப் பிடித்துவிட்டுப் பொம்மை மாதிரி நின்றார். கையே தூக்கவில்லை. சுற்றி வந்தவர்கள் ஃபேர் கேட்ச் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓடினார் பாருங்கள், 90 யார்டு! ரூமில் ஐந்து பேரும் கட்டில் மேல் ஏறி நின்றோம். அவ்வளவுதான் என் கதை.

இப்போது பண்ட்_அப்பாவுக்கு. தம்பியிடம் சொல்லுங்கள், ஃபேர் கேட்ச் வேண்டும் என்றால் கை முழுசாக ஹெல்மெட்டுக்கு மேலே போக வேண்டும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மூன்று தடவையாவது ஆட்ட வேண்டும். வேண்டாம் என்றால் கை இடுப்புக்கு மேலே வரவே கூடாது. நடுவில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் ஆறு மணிக்கு மேற்கே பார்க்க நிற்க வைத்து இருபது பந்து போடுங்கள். பந்து வெயிலுக்குள் நுழைவதற்கு முன்பே எங்கே விழும் என்று கணிக்கப் பழக வேண்டும். பத்தாம் யார்டு கோட்டில் குதிகாலை வைத்து நிற்கட்டும், அதற்குப் பின்னால் போகிற பந்தை விட்டுவிடட்டும். கண்ணுக்குக் கீழே கறுப்பு மை தடவுங்கள். கறுப்புக் கண்ணாடி வைசர் ஒன்று வாங்கிப் போடுங்கள். கோச்சுக்கு மெயில் போடுங்கள், வீடியோவை இணையுங்கள். புரோட்டீன் ஏதாவது கொடுக்கிறீர்களா?

நாச்சோ_வரிசை

புரோட்டீனுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் கறுப்பு வைசருக்கு ஸ்கூலில் அனுமதி இல்லை, தெளிவான கண்ணாடிதான் போடலாம். பாவம், பையனை அனுப்பி இன்னொரு கொடி வாங்க வைத்துவிடாதீர்கள்.

ஹியூஸ்டன்_மேல்தட்டு

2020 ஜனவரி 4, பிளேஆஃப், ஹியூஸ்டனுக்கும் பஃபலோவுக்கும். 13-0 பின்தங்கி இருக்கிறோம், இரண்டாம் பாதியைத் தொடங்கும் உதை, கிக்காஃப். எங்கள் டிஆண்ட்ரே கார்ட்டர் எங்கள் எண்ட் சோனில் (கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) பந்தைப் பிடித்தார், இரண்டு கையையும் விரித்தார், பந்தை ரெஃப்ரி பக்கம் சும்மா தூக்கிப் போட்டார். ரெஃப்ரி வாங்கவில்லை, ஒதுங்கிக்கொண்டார். பந்து தரையில் கிடக்கிறது. பஃபலோ ஆள் ஓடிவந்து அதன் மேல் விழுந்தார். டச்டவுன்! என் பக்கத்தில் பஃபலோ நண்பன், என்னைக் கட்டிப்பிடித்தே குதித்தான். அப்புறம் ரெஃப்ரிகள் கூடிப் பேசி, அவர் ஓடப் போவதில்லை என்று காட்டிவிட்டார், ஆகவே டச்பேக் (பாயிண்ட் இல்லை, பந்து எங்களுக்கே) என்றார்கள். நாங்கள் ஓவர்டைமில் 22-19 ஜெயித்தோம். கை விரித்தது ஃபேர் கேட்ச் சைகை இல்லவே இல்லை, அது எனக்கும் தெரியும். அவன் இன்றுவரை பிறந்தநாளுக்குக்கூட அந்த வீடியோவைத்தான் அனுப்புகிறான்.

சனிக்கிழமை_விசில் (நியூ ஜெர்சி)

நான் வார இறுதியில் சின்னப் பசங்க மேட்சுக்கு ரெஃப்ரியாகப் போகிறவன். இந்த மாதிரிக் கொடி நானே போட்டிருக்கிறேன். பதினொரு வயசுப் பையன், கை ஹெல்மெட்டின் முகக் கம்பி உயரத்துக்குத்தான் வந்தது. லேசாக ஆடிய மாதிரி இருந்தது. மூக்கைச் சொறிந்தானா, சைகையா? பந்து மேலே, பையன் கீழே, ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது. போட்டுவிட்டேன். அவன் எதுவும் சொல்லவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தான். மூன்று வருஷம் ஆகிறது.

பண்ட்_அப்பா, கோபப்படாமல் ஒன்று கேட்கிறேன். "ஒருத்தரும் தொடவில்லை" என்று எழுதினீர்களே, ஏன் தொடவில்லை? எதிர் டீம் பசங்க அந்தக் கையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்களா? அப்படி என்றால் அந்த ரெஃப்ரி ஏன் கொடி போட்டார் என்பது எனக்குப் புரிகிறது. நெற்றியில் கையை வைத்தால் இடி வாங்காமல் ஓடலாம் என்று ஆகிவிட்டால், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

டென்டன்_பழைய_மாணவன்

அப்படிப் பார்த்தால் ப்ரூவர் செய்ததும் ஏமாற்றுதானே?

சனிக்கிழமை_விசில்

அவர் கையைத் தூக்கவில்லை. சும்மா நின்றார். நிற்பதற்கு எந்தப் புத்தகத்திலும் கொடி இல்லை.

பண்ட்_அப்பா

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், உண்மைதான். அதிலே ஒருவன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பையன் ஓடுவதையே பார்க்கிறான். ஆனால் என் பையன் கை ஆடவில்லை, அதுவும் உண்மைதான். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று அடுத்த மேட்ச். வானம் முழுக்க மேகம், வெயிலே இல்லை. முதல் பண்ட் வந்தது, இருபது யார்டுக்குள் எதிராளி ஒருத்தரும் இல்லை. இவன் கையை நீட்டி, ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். கோச் தொப்பியைத் தரையில் எறிந்தார்.